மடவை இறங்கும் ஐப்பசியில் கடலூர் முதுநகர்

ஐப்பசியில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மச்சினன் குமார் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவனைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

முகத்துவாரத்தில் இருக்கும் சினை மடவை மீன்கள், மழைத்தண்ணீர் ஆற்றில் இறங்கினால்தான் முட்டையிடக் கடலுக்குக் கிளம்பும். அந்த ஒரு ஓட்டத்தில் கிடைப்பதுதான் குமார் வீட்டுக்கு மழைக்காலச் சோறு. அதனால் ஐப்பசி பிறந்ததும் நெய்வேலியில் இருக்கும் எனக்குப் போன் செய்து, இங்கிருந்து ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்பான். முந்தின நாள் ஷிப்ட் முடிந்து வரும்போது லேசான தூறல். வாய்க்கால் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அது நான் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸிலிருந்து இறைத்துவிட்ட நிலத்தடித் தண்ணீர். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் அது புத்தியில் உறைக்கவில்லை பாருங்கள்!

அவன் கிளம்பிய பிறகுதான் டிவியில் காற்று எச்சரிக்கை வந்தது. போனும் எடுக்கவில்லை. என் மனைவி செல்வி அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

நெய்வேலி ஆர்ச் கேட்டில் காலை எட்டு மணிக்குப் பஸ். வடலூர், குறிஞ்சிப்பாடி வழி, முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சாலை மோசம், ஒன்றரை மணி நேரம் ஆனது. குமட்டல் உள்ளவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். வழி நெடுக செல்வி குமார் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். எங்கள் முகத்தைப் பார்த்தே டிரைவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "கடலையே பாத்துகினு நிக்காதீங்க சார், பயம் அதிகமாவும்" என்றார். நாங்கள் அதையேதான் செய்தோம்.

பதினொன்றரைக்கு அவன் படகு வந்தது. போன உயிர் திரும்பியது எனக்கு. செல்வி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். வலையில் ஒன்றுமில்லை. மைன்ஸ் தண்ணீர் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தண்ணி வந்துச்சு மாமா. ஆனா கடல் இன்னும் சூடாவே கெடக்குது, அதுங்க எறங்கல" என்றான். "நெசமா மழ பேஞ்சா சொல்லுங்க. உங்கள நம்பித்தான் இருக்கேன்."

போகிறவர்கள் எச்சரிக்கை நாளைத் தவிர்த்துவிடுங்கள். மடவை வேண்டுமென்றால் பெருமழைக்குப் பிறகு விடியற்காலையில் போங்கள்; பையும் குடையும் கையோடு கொண்டுபோங்கள். மீன் கிளம்பும் நேரமும் கடல் கொந்தளிக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போது குவார்ட்டர்ஸுக்கு வெளியே அடித்து ஊற்றுகிறது. இது அசல் மழைதான். போன் அடிக்கிறது, குமார். செல்வி சமையலறை வாசலில் நின்று என் கையையே பார்க்கிறாள்.