முதல் கிளாஸ்காரரின் நாக்கு

மார்க்கெட் முனையில் பழச்சாறு கடை வைத்திருந்தவரை எல்லோரும் முதல் கிளாஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பழத்தைப் பிழிந்தாலும் முதல் கிளாஸை அவரே குடித்துப் பார்ப்பார். தன் நாக்கு ஒப்புக்கொள்ளாததை அடுத்தவர் வாயில் ஊற்ற மாட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு தள்ளுவண்டி, ஒரு கத்தி, இரண்டு கிளாஸோடு ஆரம்பித்த மனிதர். கண்ணாடிக் கதவு போட்ட கடை வந்தது அந்த நாக்கால்தான். படித்தவன் எவனாவது அப்படி ஒரு கடையை நாக்கால் கட்டியிருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

தள்ளுவண்டிக் காலம் ஒரு தனிக் காலம். விடியற்காலையில் பம்பளிமாஸ் தோலைக் கீறினால் தெருவே மணக்கும். தையல் கடைக்கு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி வண்டியருகே நின்று ஒரு கிளாஸ் வாங்கினாள், கசப்பில் முகத்தைச் சுளித்தாள், மறுநாளும் வந்து நின்றாள். கசப்புக்காகவா வந்தாள்! அவளைத்தான் கட்டிக்கொண்டார்.

வலிப்பு நோய் அப்போதே உண்டு. கூட்டாளி வீட்டு விருந்தில் ஊற்றிக் கொடுத்ததை மறுக்க முடியாமல் குடித்து, இலைமுன்னாலேயே விழுந்து வெட்டி இழுத்தது. மாத்திரையும் மதுவும் சேரவே கூடாது என்று டாக்டர் அதட்டினார். அன்றோடு சரி. அப்புறம் ஒரு சொட்டுத் தொட்டதில்லை, ஒரு வேளை மாத்திரையை விட்டதில்லை. அப்படி ஒரு வைராக்கியம் எல்லோருக்கும் வராது.

தலை நரைத்த பிறகு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதற்கும் தினம் ஒரு மாத்திரை. ஆனால் நோய் மசியவில்லை. வலிப்பு மாத்திரை இந்தப் புது மாத்திரையை உடம்பில் தங்கவிடாமல் விரட்டுகிறது என்று சொன்ன டாக்டரம்மா, அந்த வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். நோய் அடங்கியது. கூடவே மனிதரும் அடங்கிப்போனார். கால் வீக்கம், வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் மளமளவென்று இறங்கியிருந்தன.

"இந்தப் புற்றுநோய் மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன் ஐயா. நிறுத்திட்டு வேற பார்க்கணும். அது இந்த அளவுக்கு நோயைப் பிடிக்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. "பம்பளிமாஸ் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனே, சாப்பிடலைதானே?"

"ஒரு சுளை தொடல டாக்டரம்மா."

பக்கத்தில் இருந்த மனைவி மெல்லத் திரும்பினாள். "சுளை தொடல சரி. சாறு?"

"அது ருசி பார்க்கிறதுடி. தொழில். அது எப்படிச் சாப்பாட்டுல சேரும்?"

"சேராதா? உங்க தொழில் வயித்துக்குள்ள போகாம வாசல்லயே நிக்குதா?"

"எத்தனை கிளாஸ்?" என்றார் டாக்டரம்மா.

"ஜாடிக்கு ஒண்ணு."

"வெயில் நாள்ல ஜாடிக்குக் கணக்கே கிடையாது டாக்டர். இவரு வித்ததைவிடக் குடிச்சதுதான் ஜாஸ்தி."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பழைய வலிப்பு மாத்திரை, புற்றுநோய் மருந்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சாறு அதைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தள்ளுகிற கை விலகியதும் மருந்து ரத்தத்தில் குவிந்துவிட்டது.

"அப்போ காலையில ருசி பார்த்துட்டு மாத்திரையை ராத்திரி போட்டுக்கிறேன்."

"பழம் வாங்குற மாதிரி பேரம் பேசாதீங்க. சாறோட வேலை மறுநாளும் உடம்புல இருக்கும்."

"அரை கிளாஸ்?"

"ஒரு ஸ்பூன்கூடக் கூடாது. சாறை விட்டுட்டா மாத்திரையைக் காப்பாத்தலாம்."

சில நாள் மாத்திரைக்கு ஓய்வு கொடுத்து, அணுக்கள் ஏறியதும் மறுபடி அதையே தொடங்கினார்கள். வீக்கம் வடிந்தது. கடைக்கு வந்த முதல் காலையில் பம்பளிமாஸ் கூடையை அவரே பின்கட்டுக்கு இழுத்தார்.

"இனிமே இந்தப் பழம் கடையில கிடையாது. நான் குடிக்காததை விக்க மாட்டேன்."

"ஏன், எனக்கென்ன நாக்கு இல்லையா?" மனைவி கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா உங்களுக்குச் சமைச்சது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லாமல் பிழிந்தார். மணம் மூக்கில் ஏறியது. விரலை நக்கப் போன கையை அவள் தட்டிவிட்டாள். கிளாஸை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினாள்.

"சீக்கிரம் சொல்லேன்டி."

"அவசரப்படுத்தாதீங்க. தொழில்ல இருக்கேன்." கண்ணை மூடித் திறந்தாள். "இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போடுங்க. அன்னிக்கு வண்டியிலயும் குறைச்சலாத்தான் போட்டீங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மறுநாள் வர்றதுக்கு என்ன சாக்கு இருக்கும்?"

அவர் ஒரு கரண்டி சர்க்கரை போட்டார். மத்தியானத்துக்குள் பம்பளிமாஸ் தீர்ந்துபோனது. பழம் நல்ல பழம் என்றார் அவர், காரணம் கேட்டவர்களிடமெல்லாம்.