மூக்கையா ஆக்கிய சோறு

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சந்திரிகாவை வாயாடி என்று சொல்லாதவர்கள் இல்லை. அவள் புருஷன் மூக்கையாவுக்கு அவர்கள் வைத்த பெயர் பெண்டாட்டிதாசன். இரண்டையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தால்தான் சிலருக்குச் சாயங்காலத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கும்.

டிலானி பிறந்தபோது தொடங்கிய பேச்சு அது. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருந்தார்கள். சந்திரிகாவால் குனிய முடியாது, உதவிக்கு வரவும் ஆளில்லை. மூக்கையா அவளுடைய துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு போய், லயத்துக்கே பொதுவாக மலையிலிருந்து விழும் பீலித் தண்ணியில் எல்லார் கண்முன்னாலும் துவைத்தார்.

"என்னா மூக்கையா, அடுத்த புள்ளய நீயே பெத்துருவியா?" என்று ஒருவன் கேட்டான். மூக்கையா அடுத்த துணியை எடுத்து அலசினார்.

இதைக் கேள்விப்பட்டு சந்திரிகா அன்றைக்கு அழுதாள். ஆனால் காயம் ஆறி நடக்க முடிந்த முதல் நாளே அவளும் பீலிக்குப் போனாள். ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்து, ஊர் பார்க்க முறுக்கிப் பிழிந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசிவிட்டுப் போகட்டும்.

மூக்கையா கண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். விடியுமுன் போய் மத்தியானம் திரும்பிவிடுவார். சந்திரிகா கொழுந்து பறித்து, நிறுத்துப் போட்டு வரச் சாயங்காலம் ஆகும். முதலில் வீட்டுக்கு வருகிறவர் அடுப்பு மூட்டுவது என்பது அங்கே சட்டமாகிவிட்டது. பண்டிகை நெருங்கி மார்க்கெட்டில் வேலை குவிந்தால், லீவு நாளில் அவளும் இறங்கிப் போய் அவர் இறக்கும் மூட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் புடைப்பாள். டிலானி அப்பா சமைத்த நாளில் ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிடுவாள். அதில் மட்டும் சந்திரிகாவுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அந்த டிலானி இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கெலிஓயாவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நிரோஷனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் வீட்டாரும் வந்து பார்த்துச் சரியென்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் தேத்தண்ணியோடு சரி. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம்.

முந்தின நாளே மூக்கையாவின் அக்கா வந்துவிட்டாள்.

"சந்திரிகா, நாளைக்கி ஒரு நாளாச்சும் என் தம்பிய ஆம்பளையா உக்கார வையி. சமைச்சது டிலானின்னு சொல்லிருவோம்."

சந்திரிகாவுக்குச் சுறுசுறுவென்று ஏறியது. மூக்கையாதான் அடக்கினார். "புள்ளைக்காக ஒரு நாளு தானே, விடு." மகள் முகத்தைப் பார்த்து அவளும் விட்டாள்.

மறுநாள் விடிகாலையிலேயே எழுந்து பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் பருப்பும் பாயாசமும் ஆக்கிய மூக்கையா, குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கதிரையில் போய் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

வந்தவர்கள் பாயில் அமர்ந்தார்கள். தட்டுகள் வைத்தாயிற்று. நிரோஷனின் அப்பா அழகமுத்து மூக்கை உறிஞ்சினார். "வாசமே ஆளத் தூக்குதே! பொண்ணு கைப்பக்குவமா?"

"எல்லாம் டிலானிதான்" என்றாள் அக்கா.

மூக்கையா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் சந்திரிகாவால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் ஊர் பழித்தும் குனியாத தலை அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துத்தான் மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமா?

"பொய்யிண்ணே" என்றாள். "சமைச்சது எங்க வீட்டுக்காரரு. இன்னைக்கி மட்டுமில்ல, தெனமும். எனக்கு முடியாதப்ப என் துணியத் தொவைச்சதும் அவருதான்."

அழகமுத்து எழுந்துவிட்டார். "எங்க குடும்பத்துல ஆம்பள அடுப்படிக்கிப் போனதில்ல. சீலை தொவைக்கிறவன் வீட்ல நான் கை நனைக்கவா? எந்திரிங்க எல்லாரும்."

"இந்த வீட்ல வளந்த புள்ளண்ணே அது. இது ஒங்களுக்கு அசிங்கம்னா, அது ஒங்க வீட்டுக்கு வராது."

சந்திரிகா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். மகளின் வாழ்க்கையைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டாளோ? திரும்பிப் பார்த்தாள். டிலானியின் கண் நிறைந்திருந்தது.

"அம்மா சொல்றது சரிதான்" என்றாள் டிலானி.

அழகமுத்து வாசலில் செருப்பை மாட்டினார். நிரோஷன் பாதி எழுந்து நின்றான். அவன் அம்மா மட்டும் அசையவில்லை. வந்ததிலிருந்து வாய் திறக்காத மனுஷி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, சோறு போடுங்க" என்றாள் மூக்கையாவிடம். "கல்யாணமாகி வந்த நாள்லருந்து ஆக்கிப் போடுறேன். எனக்குன்னு ஒரு ஆம்பள ஒருவேள ஆக்கிப் போட்டதில்ல."

மூக்கையா சந்திரிகாவைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து சோறு போட்டு, கறி ஊற்றினார். நிரோஷன் அம்மாவின் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்து தன் தட்டையும் நீட்டினான்.

"ஏய், என்னா பண்ற அங்க?" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது.

அவள் திரும்பவில்லை. சோற்றைப் பிசைந்தாள்.

"தெரியலையா? கை நனைக்கிறேன்."