உதயசூரியன் சாரின் இடது கை

உதயசூரியன் சார் இறந்தது ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வின்போது. தேர்வு அறையில் மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். சார் தூங்குகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். மணி அடித்த பிறகு விடைத்தாளைக் கொடுக்கப் போன பெண்தான் அலறினாள். தாள் திருத்தி முடித்தபோது அந்த அறையில் கணக்கில் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

"இருந்தவரைக்கும் ரிசல்ட்டுக்கு உபயோகமில்ல. போகும்போதாவது ஏத்திவிட்டுப் போயிட்டாரு" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

நாற்காலியிலிருந்து தூக்கியபோது அவருடைய இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எங்கள் பள்ளி அரிமளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளி. அவருடைய அப்பா பிச்சை அங்கே கடைநிலை ஊழியராக இருந்தவர். மணி அடிப்பார், வகுப்புகளைக் கூட்டுவார், கழிவறைகளைக் கழுவுவார். அப்பா கழுவிய பள்ளியிலேயே மகன் படித்தார், சாரணராகி மாநில விருது வாங்கினார், பிறகு ஓவிய ஆசிரியராக வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் சாரணர் படையை நடத்தினார். ஐம்பத்து நான்கு வயதிலும் சாம்பல் நிறச் சட்டை, நீல அரைக்கால் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப். ஊரில் அவருக்கு 'டவுசர் வாத்தியார்' என்று பெயர். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தவர்கள் அவருடைய பையன்கள்தான். பெற்றவர்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டு அதே பெயரைச் சொல்லித்தான் நன்றியும் சொன்னார்கள்.

கடைசி வருடம் படையில் பதினொரு பேர்தான் மிஞ்சினார்கள். சாயங்காலமானால் எல்லாரும் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள்.

"பதினொண்ணா? கிரிக்கெட் டீம்னு பேரை மாத்திருவமா சார்?" என்றார் தலைமை ஆசிரியர் கணபதி. "பழசு புதுசு எல்லாம் சேத்து இருபத்துநாலு ஃபாரம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள வரணும். இல்லேன்னா படையைக் கலைச்சிட்டு அந்த ரூமை ஸ்மார்ட் கிளாஸுக்குக் குடுத்துருங்க."

"ராத்திரியே ஒரு நிகழ்ச்சி வச்சிக்கிறேன் சார். பெத்தவங்க வேலை முடிஞ்சு வருவாங்க. தீ மூட்டி, பிள்ளைகளை விட்டு முடிச்செல்லாம் போட்டுக் காட்டினா, பாத்துட்டுச் சேத்துருவாங்க."

"என்னமோ செய்யுங்க. செயலர் அன்னைக்கு ஊர்லதான் இருக்காரு. அவரைக் கூப்பிடாம விட்றாதீங்க."

செயலர் ஏகாம்பரம் சென்னையில் இருப்பவர். பள்ளி அவர் தாத்தா கட்டியது. வருடத்துக்கு இரண்டு தடவை வருவார்.

பத்து நாள் உதயசூரியன் சார் தன் டிவிஎஸ் ஐம்பதில் வீடு வீடாகப் போனார். காக்கி போட்டா போலீஸ் வேலை கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு, காக்கி இல்லை, வேலையும் இல்லை என்று உண்மையைச் சொன்னார். அதிலேயே பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். மிச்சப் பேரை வடையும் டீயும் உண்டு என்று சொல்லி வரவழைத்தார். வடையை அவர் மனைவி செவந்தி மூன்று பெண்களை வைத்துக்கொண்டு சுட்டார்.

செயலருக்குப் போர்த்தப் பொன்னாடை வாங்கி வரும் வேலை என்னுடையது. அன்று புதுக்கோட்டைக்குப் போய் என் வேலைகளையெல்லாம் முடித்தேன், பொன்னாடையை மட்டும் மறந்துவிட்டேன். ஆறு மணிக்குத்தான் நினைவு வந்தது.

"பொன்னாடைக்குப் பதிலா உங்க ஸ்கார்ஃபையே போட்டுருங்க சார். கௌரவச் சாரணர்னு சொல்லிரலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. பிறகு சற்று யோசித்தார். "ஸ்கார்ஃப் கட்டினா சல்யூட் அடிச்சுக் கை குடுக்கணுமே டீச்சர்."

"குடுங்க. அதுக்கென்ன?"

சாரணர்கள் ஒருவருக்கொருவர் இடது கைதான் கொடுப்பார்கள். கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு நீட்டும் கை அது, உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம். இதை அவர் ஒவ்வொரு வருடமும் காலை வணக்கக் கூட்டத்தில் சொல்வார். நானும் ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறேன்.

கூட்டம் வந்தது. மைதானத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. நுழைவாயில் மேசையிலேயே பழைய பதினொரு பேரையும் சேர்த்து இருபத்தாறு பேர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒன்று என் மகன் கார்த்திகேயனுடையது. சார் என்னைக் கடந்து மேடைக்குப் போகும்போது, "இருபத்தாறு டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மேடையில் செயலரின் கழுத்தில் ஸ்கார்ஃபைக் கட்டினார். ஓரடி பின்னால் போய் சல்யூட் அடித்தார். செயலர் சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், சாரின் இடது கை முன்னால் போய்விட்டது.

இரண்டு கைகளும் காற்றில் நின்றன. மைக் திறந்தே இருந்தது.

"எந்தக் கையைய்யா நீட்டுற?"

"ஐயா, சாரணர் முறையில இடது கைதான்... அது நம்பிக்கைக்கு..."

"பீச்சாங்கை எதுக்குன்னு ஒன் ஆத்தா சொல்லித் தரலையா?"

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பிச்சை மவனுக்கு அந்தக் கைதான் பழக்கம்!" என்றது. அதன் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வடைத் தட்டோடு ஓரத்தில் நின்ற செவந்திக்கும் அது கேட்டது.

சார் இடது கையை இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். செயலர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போயி கழுவிட்டு வா."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மேடையிலிருந்து இறங்கி, மைதானத்தைக் குறுக்கே கடந்து, குழாயடிக்குப் போனார். அரைக்கால் சட்டைக்குக் கீழே கால்கள் குச்சியாகத் தெரிந்தன. இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து ஈரக் கையோடு செயலர் முன்னால் நின்றபோது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. தண்ணீர் சொட்டி நிற்கும்வரை சார் அங்கேயே நின்றார். நிகழ்ச்சியைத் தொகுத்துக்கொண்டிருந்த நான், நிரலைப் பார்த்து அடுத்த பெயரை வாசித்தேன்.

சார் நிகழ்ச்சியைப் பாதியில் விடவில்லை. பையன்கள் முடிச்சுப் போட்டார்கள், தீயைச் சுற்றிப் பாடினார்கள். எல்லாரும் வடை சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்று செவந்தியிடம் சொல்லிவிட்டும் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் சாரணர் அறை வாசலில் பெற்றோர் வரிசையாக நின்றார்கள். படிவத்தைத் திருப்பிக் கேட்டு வந்தவர்கள். செயலர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, எந்த வீட்டுக்கும் ஆள் அனுப்பவில்லை. அவர்களாகவே வந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பயலுக்கு டியூஷன் இருக்கு."

"அவுக அப்பத்தா வேணாங்குது சார். பீச்சாங்கையெல்லாம் பழக்குறாகளாமேங்குது."

"நாளப்பின்ன ஸ்கூல்ல ஒரு காரியம்னா செயலர்கிட்டத்தான நாங்க போய் நிக்கணும்?"

சார் படிவக் கட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வலது கையால் கொடுத்தார். இடது கை பைக்குள் இருந்தது. ஒரு கையால் தேடியதால் நேரமானது. வரிசையில் நின்றவர்கள் அதற்கும் சலித்துக்கொண்டார்கள். ஏற்கனவே படையில் இருந்த பதினொரு பேரின் படிவங்களும் அன்றே போய்விட்டன.

மதியம் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"இருபத்தஞ்சு போயிருச்சு டீச்சர். ஒங்க பையன் ஒருத்தனை வச்சு அவரு என்ன படை நடத்தப் போறாரு?"

நான் கிளம்பப் பார்த்தேன்.

"ஒங்க பணி நிரந்தர ஃபைல் செயலர் டேபிள்லதான் கெடக்கு. நான் ஒண்ணும் சொல்லல. யோசிச்சுக்கங்க."

யோசிக்க எனக்கு ஐந்தாவது பாடவேளை முழுவதும் இருந்தது. அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

சாரணர் அறையில் சார் கயிறுகளை ஒரு கையாலேயே சுருட்டி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் மேசை இழுப்பறையைத் திறந்தார். கார்த்திகேயனின் படிவம் அதில் தனியாக இருந்தது. மேல் மூலையில் பென்சிலால் 'அணித் தலைவர்' என்று எழுதியிருந்தார். அழிப்பானால் அதை அழித்தார். தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள இடது கை வேண்டும். அவர் எடுக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

"சார், என்னைத் தப்பா..."

"இல்ல டீச்சர்." வலது கையால் நீட்டினார். "நீங்க கடைசியாத்தான வந்தீங்க. ரொம்ப நன்றி."

பணி நிரந்தர ஆணை எனக்கு ஜனவரியில் வந்தது. அவர் இறந்தது ஏப்ரலில். இடையில் இருந்த நாட்களில் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தோம். வருகைப் பதிவேட்டை நான் நீட்டும்போதெல்லாம் ஒரு கையால் வாங்கி, கையெழுத்துப் போட்டு, அதே கையால் திருப்பிக் கொடுத்தார்.