லண்டனாகிப்போன ருஷ்யா

பரவைச் சந்தையில் வேப்பமரத்தடியில் முக்காலியை விரித்து, தகரப் பெட்டியை அதன்மேல் ஏற்றி, கறுப்புத் துணியை உதறிப் போட்டுவிட்டுச் சோணைமுத்து தொண்டையைச் செருமுகிறார். அந்தச் செருமலுக்கே நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பெட்டியின் முகத்தில் மூன்று கண்ணாடித் துவாரங்கள். காலணா கொடுத்தவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துத் துவாரத்தில் கண்ணை வைக்க வேண்டும். சோணைமுத்து பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, உள்ளே உருளையில் ஒட்டிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். படத்தில் இருப்பது எதுவும் அசையாது. அசைவதெல்லாம் சோணைமுத்துவின் நாக்குதான்.

“காசியில கங்கை பாரு! முங்கி எந்திரிக்கிற மாமியப் பாரு! டில்லிக் கோட்டை பாரு, வாசல்ல ஒட்டகம் பாரு!”

காசி, டில்லி, பம்பாய் என்று முழங்குகிற இந்த மனிதர் திண்டுக்கல்லைத் தாண்டியதில்லை. சிம்மக்கல்லில் ஒற்றை அறையில் குடித்தனம். மீசைக்கு விளக்குக் கரி தடவுவார். யாராவது கேட்டால் பிறவிக் கறுப்பு என்று சாதிப்பார். மழை வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, தாம் தெப்பமாக நனைந்து வீட்டுக்கு வருவார். “இந்த மனுசன் பெட்டிக்குத் தாலி கட்டியிருக்கணும். ஆள் மாறி எனக்குக் கட்டிட்டாரு” என்பது மனைவி ராக்கம்மாளின் புலம்பல்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை. பம்பாய்த் துறைமுகம் வந்ததும் அவர் வாய் மூடிக்கொள்ளும். கைப்பிடி விறுவிறுவென்று சுற்றும். ஏதோ ஒரு படம் கண்ணில் பட்டும் படாமலும் ஓடிவிடும்.

“என்னண்ணே, ஒண்ணு தாவிருச்சே?”

“மழையில நனைஞ்சு கெட்டுப்போச்சுப்பா” என்பார். அது பொய். அவர் ஒட்டியதிலேயே ஓரம் பெயராமல் இருப்பது அந்தப் படம்தான்.

அது சிம்மக்கல் பழைய பேப்பர் மண்டியில் கிடைத்தது. ஏதோ துரை வீட்டிலிருந்து வந்த காகிதக் கட்டுக்குள் சீமைப் பத்திரிகை ஒன்று இருந்தது. அதில் ஒரு படம்: பனி மூடிய பெரிய அரண்மனை, இரும்புக் கதவு, அதை நோக்கிக் குல்லாய் போட்ட ஜனக்கூட்டம். மண்டிக் கணக்கர் கல்யாணராமன் அடியில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னார். “ருஷ்யா தேசம்டா. சக்கரவர்த்தி அரண்மனைக்குள்ளே ஏழை ஜனங்கள் நுழையறா. இதையெல்லாம் சந்தையிலே காட்டிண்டு திரியாதே, வம்பு.”

காட்டாதே என்று சொன்ன பிறகு சோணைமுத்து காட்டாமல் இருப்பாரா? அடுத்த சந்தையிலேயே ருஷ்யா அரங்கேறிவிட்டது. “பனி கொட்டுது பாரு! சோத்துக்கில்லாத சனம் பாரு! சுட வந்த சிப்பாய் துப்பாக்கிய எறக்குறான் பாரு! ராசா வீட்டுக் கதவு தொறக்குது பாரு!” வாரத்துக்கு வாரம் கதை வளர்ந்தது. அவருடைய ருஷ்யர்கள் கம்பங்கூழ் குடித்தார்கள், தாலியை அடகு வைத்தார்கள், நாட்டாமைக்குப் பயந்தார்கள். அயர்லாந்திலும் துருக்கியிலும் நடந்ததாகக் கல்யாணராமன் பத்திரிகை பார்த்துச் சொன்னவற்றையும் அந்த ஒரே படத்துக்குள் அடைத்தார். காசியைப் பார்க்க வந்த கூட்டம் கதவைப் பார்க்க வரத் தொடங்கியது.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் நல்லகாமன். எழுமலைப் பக்கத்து ஆள். மனைவி மலையம்மாளோடு வெங்காய வண்டி ஓட்டிக்கொண்டு வருவான். அவள் மரத்தின் மறுபக்கம் சாக்கு விரித்து வியாபாரம் பார்ப்பாள். அவன் ஊர்ப் பக்கத்து ஆண்பிள்ளைகளின் கழுத்தில் வெள்ளைக்கார சர்க்கார் போட்ட ரேகைச் சட்டம் கிடக்கிறது. திருடினாலும் திருடாவிட்டாலும் பெயரைப் பதிந்து, கைரேகை வாங்கிக்கொண்டு, இரவானால் போலீஸ் கொட்டடியில் வந்து படு என்பார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதை மடியில் முடிந்துகொண்டுதான் நல்லகாமன் சந்தைக்கு வருவான்.

“உள்ள போன சனம் பொறகு என்னண்ணே செஞ்சுச்சு?”

“என்ன செய்யும்? உக்காந்து ஆண்டுச்சு.”

“அம்புட்டுத் தொலவுல நடந்தது இங்கிட்டும் நடக்குமாண்ணே?”

“ஏன் நடக்காது மாப்ள? ரேகை வைக்கிற கைக்குக் கதவத் தள்ளத் தெரியாதா?”

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அன்று முழுக்கச் சோணைமுத்துவின் கால் தரையில் பாவவில்லை. கை தட்டு வாங்கியதோடு அவர் அதை மறந்தும் போனார். நல்லகாமன் மறக்கவில்லை. அதை ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்டடியில் பக்கத்தில் படுத்தவர்களுக்கெல்லாம் சொன்னான்.

உப்புக் காய்ச்சிய கலவரம் ஓய்ந்த மறு வருஷம், ஒரு சந்தை நாளில் சிவப்புத் தலைப்பாகை ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

“என்னடா கூட்டம்? என்ன படம் காட்டுற?”

பெட்டிக்குள் கதவுப் படம் நின்றுகொண்டிருந்தது. துணிக்குள் மூன்று தலைகள். சோணைமுத்துவின் நாக்கு ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. “லண்டன் பட்டணமுங்க ஏட்டய்யா! நம்ம சக்கரவர்த்தி முடிசூட்டிக்கிறாரு பாரு! வாழ்த்துச் சொல்லச் சனம் ஓடுது பாரு!”

துணிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. தலை உள்ளே இருந்ததால், வெளியே வந்து நின்றது யார் என்று நல்லகாமனுக்குத் தெரியவில்லை. ஏட்டய்யா என்றதையும் சேர்த்து அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டான்.

“என்னண்ணே மாத்திச் சொல்றீக? இது ருஷ்யாவுல்ல! நாம தள்ளப்போற கதவுல்ல!”

ஏட்டு அவனைக் குடுமியோடு பிடித்து வெளியே இழுத்தார். “யாருடா உனக்கு இதச் சொன்னது?”

நல்லகாமன் ஏட்டைப் பார்த்தான். பிறகு சோணைமுத்துவைப் பார்த்தான். அவன் வாய் திறக்கும் முன் சோணைமுத்து முந்திக்கொண்டார். “யாருன்னே தெரியாதுங்க ஏட்டய்யா. கள்ளு வாடை அடிக்குது.”

“ஆருஞ் சொல்லல. நானாத்தான் சொன்னேன்” என்றான் நல்லகாமன்.

மடியிலிருந்த சீட்டை ஏட்டு பிடுங்கிக்கொண்டார். சீட்டில்லாமல் ஊர் சுற்றினான், சர்க்காருக்கு விரோதமாகப் பேசினான் என்று எழுதி, அவனை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். விலங்கு மாட்டி இழுத்துப் போகையில் சோணைமுத்து என்ன செய்தார் தெரியுமா? கைப்பிடியைச் சுற்றினார். “அடுத்தாப்புல கடல் பாரு, கப்பல் பாரு” என்றார். இதை அவரால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் திடீரென்று கையை நிறுத்தி, “மானங்கெட்ட நாக்கு, மானங்கெட்ட நாக்கு” என்று தம்மையே வைதுகொள்வார். ராக்கம்மாள் குழம்பில் உப்புக் கூடிவிட்டதோ என்று பயந்துபோவாள்.

அதற்குப் பிறகு மலையம்மாள் தனியாக வண்டி ஓட்டி வந்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. முன்பெல்லாம் தண்ணீர் குடிக்கப் போகும்போது, “அண்ணே, சாக்கப் பாத்துக்கங்க” என்பாள். இப்போது நாலு கடை தள்ளியிருந்த வளையல்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்தில் நின்ற சோணைமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசும். ஒருமுறை நல்லகாமனைப் பற்றி விசாரிக்க இரண்டு அடி எடுத்து வைத்தார். அவள் தராசை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “வெங்காயமா?” என்று கேட்டாள். வேண்டாத வெங்காயத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

போன சந்தைக்கு நல்லகாமன் வந்துவிட்டான்.

மொட்டைத் தலை. ஒடுங்கிப்போன கன்னம். வலக்கை விரல்கள் மடங்கவில்லை. இடக்கையால் காலணாவை நீட்டினான். வாங்க மாட்டேன் என்று சோணைமுத்து தலையாட்டினார். அவன் அதைப் பெட்டிமேல் வைத்துவிட்டுத் துணிக்குள் தலையை நுழைத்தான். “சுத்துங்கண்ணே.”

காசி போயிற்று, டில்லி போயிற்று. பம்பாய் வந்ததும் கை பழக்கதோஷத்தில் விறுவிறுவென்று சுற்றிவிட்டது.

“அது எங்கண்ணே?”

“எது மாப்ள?”

“அந்தக் கதவுண்ணே.”

சோணைமுத்து கைப்பிடியைப் பின்னால் சுற்றினார். படம் வந்து நின்றது. சந்தை வாசலில் சிவப்புத் தலைப்பாகை கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது.

“மாப்ள, அன்னைக்கு நான்…”

“அத விடுங்கண்ணே” என்றான் நல்லகாமன், உள்ளிருந்தே. “செயில்ல எம்புட்டோ பேருக்கு இந்தக் கதையச் சொன்னேன். எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டாய்ங்க. அந்தச் சிப்பாய் துப்பாக்கிய எறக்குற எடந்தான் எனக்குச் சரியா வரல. நீங்க சொன்னாத்தாண்ணே வரும். சொல்லுங்க.”

அவன் காறித் துப்பியிருந்தால் சோணைமுத்து துடைத்துக்கொண்டு போயிருப்பார். இதை எங்கே துடைப்பது? பெட்டியைப் போட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. தம் முகத்தைச் சந்தையில் யாருக்கும் காட்ட அவருக்குத் துணிவில்லை.

குனிந்தார். நல்லகாமனுக்குப் பக்கத்துத் துவாரத்தில் கண்ணை வைத்து, கறுப்புத் துணியைத் தம் தலைமேலும் இழுத்துவிட்டுக்கொண்டார். துணிக்குள்ளிருந்து அவர் குரல் கிளம்பியது. “பனி கொட்டுது பாரு… சோத்துக்கில்லாத சனம் பாரு…”

வாசலிலிருந்து தலைப்பாகை இந்தப் பக்கம் திரும்பியது. மலையம்மாள் தராசைக் கீழே வைத்தாள்.

“அண்ணே” என்றாள். “ஏட்டு வாராரு.”

சோணைமுத்துவின் வலக்கை மட்டும் துணிக்கு வெளியே கைப்பிடிமேல் இருந்தது. அது கைப்பிடியைச் சுற்றவில்லை.