மாமனார் பிளக்ஸில் ஒரு கை

மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க இன்று பல்லடத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

பட்டாளத்துக்காரர். ஓய்வுக்குப் பிறகும் வருடம் தவறாமல் மருமகன்களை வெள்ளியங்கிரி மலைக்கு இழுத்துப் போவார்.

என் போனில் இருந்த மலைப் படங்களைக் காட்டினேன். கடைக்கார அக்கா தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஏனுங்க, எல்லாத்துலயும் நீங்கதான் சிரிச்சுட்டு இருக்கறீங்க. பெரியவரு எங்கீங்க?"

பின்னால் பாதி தெரிந்தார், என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

மச்சான் எடுத்த ஒன்றில் மட்டும் அவர் முகம் முழுதாக இருந்தது. அக்கா என்னை வெட்டித் தள்ளினார்.

"அவரு தோள்ல உங்க கை நிக்குதுங்க. அழிச்சுப்போடட்டுங்களா?"

"இருக்கட்டுங்க."

அந்தப் படம் எடுத்த அன்று கால் பிடித்துக்கொள்ள, அந்த எழுபது வயதுக்காரரின் தோளில் தொங்கித்தான் நான் மலை இறங்கினேன்.

நாளை காரியத்துக்கு வருகிறவர்கள் யாராவது கேட்டால், பட்டாளத்து நண்பர் கை என்று சொல்லிவையுங்கள்.