எருமைக்குப் பட்ட கடன்

பட்டறைக்காரர் தன் மனைவிக்கு ஒன்பதாயிரம் கடன்பட்டிருந்தார். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. வண்டிக்கு எண்ணெய் மாற்ற வருகிறவனிடம்கூட அவரே சொல்லிவிடுவார். பிறந்ததிலிருந்து எவன் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை, எந்த பேங்க் வாசலையும் மிதித்ததில்லை, ஒரே ஒரு ஸ்பேனரோடு தொடங்கிப் பத்து வண்டி நிற்கிற பட்டறையாகக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அப்படிப்பட்ட மனுஷன் கட்டின மனைவியிடம் மட்டும் கடன்காரனாக நின்றார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த அம்மா விஞ்ஞானி. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் உண்டு. அது ஆராய்ச்சிக்குக் கிடைத்த பட்டம் என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்து நிற்பார்கள். “இரும்புக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் சொல்லுங்க” என்று சிரித்து அனுப்பிவிடுவாள். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது, இதுதான் அவள் ஆராய்ச்சி. துருவைப் படிக்கவும் ஒரு படிப்பு இருக்கிறது என்பது பட்டறைக்காரருக்கு அவளைப் பார்த்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றைக்கு அவள் பட்டறைக்குள் வந்து, மூலையில் கிடந்த ஒரு பழைய மட்கார்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எவ்வளவு?”

“அது ஓட்டைம்மா. முழுசா அரிச்சுப் போச்சு. நல்லது உள்ள இருக்கு, காட்டறேன்.”

“நல்லது வேண்டாம். எனக்கு இந்த ஓட்டைதான் வேணும்.”

“ஓட்டையை வித்து எனக்குப் பழக்கமில்லையே. என்ன விலை சொல்றது?”

இப்படித் தொடங்கியது. மாதம் ஒருமுறை ஓட்டை வாங்க வந்தவள், பிறகு வாரம் ஒருமுறை வந்தாள். ஓட்டை தீர்ந்துபோன பிறகும் வந்தாள். பழைய கார் என்றால் அவளுக்கு உயிர். எந்த வண்டி எந்த இடத்தில் முதலில் துருப்பிடிக்கும் என்று அவள் சொல்வாள். அதே வண்டி எந்த மேட்டில் மூச்சுவாங்கும் என்று அவர் சொல்வார். ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குத் தித்தித்தது. படித்தவள் ஒருத்தி கிரீஸ்காரனைக் கட்டுவதா என்று அவள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் அதே வீட்டு ஆட்கள்தான் வரிசையாக வந்து வண்டியை ரிப்பேருக்கு விட்டார்கள். ஒருத்தரிடமும் அவர் கூலி குறைத்து வாங்கவில்லை.

கல்யாணமான அடுத்த வருஷம் அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒன்பதாயிரம். அன்றைக்கு அது பெரிய பணம். அதே வாரம் ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில், கூரைகூட இல்லாமல், ஒரு பழைய கார் கிடப்பதாகத் தகவல் வந்தது. கறுப்பு நிறம், நீண்ட மூக்கு, இரண்டு உருண்டை விளக்கு. செய்த கம்பெனியே மூடி வெகுகாலம். பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பண்ணைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுப் பட்டறைக்காரர் வாயை மூடிக்கொண்டார். அவள் கைப்பையைத் திறந்து பரிசுப் பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது அவருக்குப் பொறுக்கவில்லை. “இது கடன்தான், டாக்டரே. பொண்டாட்டி காசுல வண்டி வாங்கினான்னு ஒரு பய சொல்லக் கூடாது.”

“சரி, கடன். வண்டியை விக்கிற அன்னிக்குத் திருப்பிக் குடுங்க, போதும்.”

“அதை எவன் விக்கப்போறான்?”

“அப்ப நீங்க ஆயுசுக்கும் என் கடன்காரர்.”

எழுந்திருக்கவே நேரமாகும், எழுந்தால் நிறுத்த முடியாது. அதனால் வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்தார்கள். அதைப் பிரித்துப் பூட்ட நாலு வருஷம் ஆயிற்று. கிடைக்காத சாமானை அவர் கையாலேயே கடைந்து செய்தார். இன்றைக்கு அப்படிச் செய்ய ஆளைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். துரு சுரண்டுகிற வேலை முழுவதும் அவளுடையது. பின்கதவின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்க விடவில்லை. தான் கண்டுபிடித்த பூச்சை அங்கே தடவி, சாம்பல் நிறத்தில் அப்படியே விட்டாள். “இது என்னோட பரீட்சைத்தாள். இதை யாரும் தொடக்கூடாது.” பளபளவென்று மின்னுகிற வண்டியில் அது திட்டாகத் தெரிந்தது. பட்டறைக்காரருக்குக் கண் உறுத்தியது. ஆனால் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் லென்ஸை வைத்துக்கொண்டு குனிவாள், அவர் டார்ச் பிடிப்பார். ஒரு மழைக்கும் அந்த இடம் மசியவில்லை.

அந்தப் பூச்சைத்தான் பிற்பாடு கடல்மேல் கட்டின பாலத்தின் தூண்களுக்குத் தடவினார்கள். பிறகு கப்பலுக்கு, பிறகு குழாய்க்கு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். பெரிய மெடல் கொடுத்தபோது விழாவுக்கு எருமையில்தான் போனார்கள். பாதி வழியில் அது படுத்துக்கொண்டது. அவர் அடியில் புகுந்தார், அவள் மேலிருந்து இன்ஜினுக்குள் கையை விட்டாள். கழுவத் தண்ணீர் இல்லை. மேடையில் அவளுக்குக் கைகொடுத்த பெரிய மனிதரின் கை மணிக்கட்டுவரை கறுத்துப்போனது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிற போட்டோவைப் பட்டறைக்காரர் பெரிதாக்கி மாட்டினார். மெடல்களையும் வீட்டில் வைக்கவில்லை. பட்டறையில் ஸ்பேனர் தொங்குகிற பலகையில், பதினாலாம் நம்பருக்கும் பதினேழாம் நம்பருக்கும் நடுவே வரிசையாகத் தொங்கின.

“பாலம் நிக்குதுன்னா அது எங்க வீட்டம்மாவாலதான்” என்பார் வருகிறவனிடமெல்லாம்.

“பாலத்தைக் கட்டினது வேற ஆளுங்க. நான் தடவினேன், அவ்வளவுதான்” என்பாள் அவள்.

இத்தனையும் நல்ல காலத்துக் கதை.

அறுபத்தைந்து தாண்டியதும் அவர் கண்ணில் கோளாறு வந்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் புகை அடித்தாற்போல. ஓரம் தெரியும், நேரே இருப்பது தெரியாது. தனியாகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தார். இது ஆபரேஷனுக்கு அடங்காது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொன்னார். பட்டறைக்காரர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டத் தெரியாத நாள் என்று ஒன்று தன் வாழ்க்கையில் இருந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. சாவியை எப்படிக் கீழே வைப்பது?

வண்டியில் ஏறினால் புத்தகமும் கையுமாக வாய் திறக்காமல் வருகிறவள், அந்த வருஷத்திலிருந்து ஓயாமல் பேசத் தொடங்கினாள்.

“அந்த மஞ்சள் லாரி நடுரோட்டுல நிக்குது பாருங்க, அவன் அப்பன் வீட்டு ரோடு மாதிரி.”

“பாத்தேன், பாத்தேன்.”

“இந்த சிக்னல் எப்ப வந்தாலும் நமக்குன்னே சிவப்பு விழுது.”

“ராசி அப்படி.”

“ஐயோ, அந்தப் பாட்டி குறுக்க எவ்வளவு மெதுவா போறாங்க, பாவம்.”

அவர் பிரேக்கை அழுத்துவார். அவளுக்கு வயதானதும் வாய் வளர்ந்துவிட்டது என்று நண்பர்களிடம் கேலி பேசினார். அவள் எதற்காகப் பேசுகிறாள் என்பது அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு வருஷம் இருவரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்படியே ஊர் முழுக்க எருமையில் சுற்றினார்கள்.

பிறகு அவளுக்கு ஈரலில் கட்டி என்றார்கள். வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில், வீட்டுக்குக் கூட்டிப்போய் வேண்டியதைச் செய்து கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியூரில் இருந்த மகள் வேலைக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் எருமை நிற்கிற ஷெட் தெரியும்.

நடக்க முடியாமல் போன பிறகும் அவள் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. “போய் என் பரீட்சைத்தாளைப் பாத்துட்டு வாங்க” என்பாள். அவர் டார்ச்சும் லென்ஸும் எடுத்துக்கொண்டு போய், குனிந்து நிமிர்ந்து வருவார்.

“பளிங்கு மாதிரி இருக்கு, டாக்டரே. ஒரு பொட்டுத் துரு கிடையாது.”

நாலைந்து ஞாயிறு இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிறு அவர் அதே பதிலோடு வந்து நின்றபோது, அவள் தலையணையில் சாய்ந்தபடி கையை நீட்டினாள்.

“என் ஒன்பதாயிரத்தைக் குடுங்க.”

அவர் சிரித்தார். “அதுக்கு எருமையை விக்கணுமே.”

“வித்துடுங்க. அந்தப் பல் டாக்டர் எத்தனை வருஷமா கேக்கறாரு.”

சிரிப்பு பாதியில் நின்றது. “மருந்து தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?”

“கடைசியா ஷெட்டுக்கு நடந்து வந்தேன்ல, அன்னிக்கு நம்ம பொண்ணோட நெயில் பாலிஷை எடுத்துட்டு வந்தேன். பரீட்சைத்தாள் நடுவுல பட்டாணி அளவுக்குச் சிவப்பா ஒரு பொட்டு வெச்சேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஒவ்வொரு வாரமும் பளிங்குன்னு வந்து சொல்றீங்க.”

அவர் டார்ச்சை அணைத்தார். அது எரிந்துகொண்டே இருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

“என்னையே பரீட்சை பண்ணிட்டே.”

“ஆமா.”

“ரோடு எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்.”

“அதுக்குத்தான் பயப்படறேன். நான் போனதும் நேரா போய் அதுலதான் உக்காருவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? பக்கத்துல உக்காந்து லாரிக்காரனைத் திட்டறதுக்கு யார் இருக்கா?”

“பொண்ணு இருக்கா.”

“அவளுக்கு அந்த வண்டியில ஏறினாலே வாந்தி வரும்” என்றாள். உள்ளே மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பட்டறைக்காரர் கோபத்தோடு வெளியேறினார். ஷெட்டில் போய் எருமையின் பின்கதவோரம் தரையில் உட்கார்ந்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சாம்பல் திட்டின் நடுவில் புகைதான் இருந்தது. டார்ச்சை வைத்துவிட்டு விரலால் தடவினார். இன்ஜினுக்குள்ளே மயிரிழைக் கீறலையும் தொட்டே சொல்லிவிடுகிற விரல் அது. நடுவில் வழுவழுவென்று சின்ன மேடு தட்டுப்பட்டது. இத்தனை ஞாயிறும் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். தொடக்கூடாது என்று அவள் சொன்ன இடம், அதனால் தொடவே இல்லை. நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டப் போனவர், அப்படியே விட்டுவிட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு, பல் டாக்டருக்குப் போன் போடச் சொன்னார்.

பல் டாக்டர் மறுநாளே வந்தார். நல்ல மனுஷன். பழைய வண்டிப் பைத்தியம். எருமையை எப்போது பார்த்தாலும், “அங்கிள், விக்கறதா இருந்தா எனக்குத்தான்” என்பார். “பல்லுன்னா பிடுங்கலாம், இதைப் பிடுங்க முடியாது தம்பி” என்று பட்டறைக்காரர் விரட்டிவிடுவார். இன்றைக்கு இருவரும் பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. கேட்ட விலைக்கு ஒரு ரூபாய் பேரம் கிடையாது.

“ஒரு கண்டிஷன். இந்தத் திட்டுல பெயிண்ட் அடிக்கக் கூடாது.”

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். “சொத்தையா இருந்தா அடைப்பேன் அங்கிள். இது தங்கப் பல்லு. நடுவுல சிவப்பா என்னமோ ஒட்டியிருக்கே, அதைத் துடைச்சுடலாமா?”

“அதையும் தொடாதே.”

பணத்தை பேங்கில் போட்டுவிடுகிறேன் என்று பல் டாக்டர் போனை எடுத்தார். மீதியை அப்படியே போட்டுவிடு, ஒன்பதாயிரம் மட்டும் கையில் கொடு என்றார் இவர். பல் டாக்டர் தன் பர்ஸிலும், தான் வந்த வண்டியிலுமாகத் தேடி, பெரிசும் சிறிசுமான நோட்டாகச் சேர்த்துக் கொடுத்தார்.

எருமை ஷெட்டைவிட்டு இறங்கியது. பட்டறைக்காரர் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். தெருமுனையில் கியர் மாற்றும்போது உள்ளே பல் நறநறவென்று கடித்தது. “பல் டாக்டருக்கு இந்தப் பல்லு மட்டும் பிடிபடல” என்று முனகினார். சத்தம் கரையும் மட்டும் நின்றார். ஜன்னலுக்குள் அவளும் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கை போர்வைமேல் விரிந்து கிடந்தது. எலும்பும் நரம்புமாக வற்றிப்போயிருந்தது, இரும்பைச் சுரண்டிச் சுரண்டிக் காய்த்த இடம் மட்டும் இன்னும் கெட்டியாக இருந்தது.

“கடனை வாங்கிக்க.”

“வட்டி?”

“வட்டி பேசலயே நாம.”

நோட்டுக் கட்டைப் பிரித்தார். முதல் நோட்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். விரலால் ஓரத்தைத் தடவினார். தடவியே சொல்லிவிடலாம், அவருக்கு அது முடியாத காரியம் இல்லை. ஆனால் தடவுவதை நிறுத்திவிட்டு அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு.”

கல்யாணமான நாளிலிருந்து தெரியல என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

“ஐந்நூறு” என்றாள்.

அதை அவள் உள்ளங்கையில் வைத்தார். அடுத்ததை எடுத்துக் காட்டினார்.

“அதுவும் ஐந்நூறு. அடுத்து... இருநூறு. மெதுவா, மெதுவா. இது நூறு.”

ரோட்டில் சொல்லி வந்தது போலவே சொல்லிக்கொண்டு வந்தாள். குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசிக்கு வரும்போது அவர் காதை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. மூடமுடியாத அந்தக் கையிலிருந்து நோட்டு சரியாதபடி, அவர் தன் இடது கையை அதன் அடியில் கொடுத்துத் தாங்கினார். கடைசி நோட்டைக் காட்டினார். “நூறு” என்றாள். வைத்தார்.