மதிலோர மூங்கிலும் ஒரு கடப்பாரையும்

இன்று காலை நடந்ததன் சுருக்கம்:
1. எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு வேலி மூங்கில் ஓரிடத்தில் கொத்தாக நிற்கும் இனம், ஓடிப் பரவாது.
2. அதைப் பெருக்க, கொத்திலிருந்து வேரோடு பிரித்து நட வேண்டும்.
3. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் இடையிலான மதிலை எந்த வேரும் தாண்டவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்து நின்றார்.

"சார், மூங்கில் வேர் செப்டிக் டேங்கையே உடைக்குமாம். யூடியூப்ல பார்த்தேன். மொத்தத்தையும் எடுத்துடலாங்க."

படுக்கையில் இருக்கும் என் மனைவியின் ஜன்னலை அவர்கள் மாடிப்படியிலிருந்து மறைப்பது அந்த மூங்கில்தான்.

இலையைத் திருப்பி, அடிப்புறத்தில் நீலம் கலந்த வெளிறிய நிறத்தை, இது ஓடிப் பரவாத இனம் என்பதற்குச் சாட்சியாகக் காட்டினேன். புத்தகம் பார்த்து அடையாளம் கண்டது, தவறாகவும் இருக்கலாம்.

"இலையை விடுங்க சார். வேர் எங்க போகுது?"

"மதிலோரம் தோண்டிப் பாருங்க. தாண்டியிருந்தா நானே எடுத்துடறேன்" என்றேன்.

ஒரு சாண் ஆழத்தில், மதிலுக்கு அடியில் பருத்த வேர் ஒன்று தெரிந்தது.

"இதோ!" என்றார்.

அவர் பிடித்து இழுத்தார். மூங்கிலுக்குள் மறைந்திருந்த ஒரு துளிரும் வேரோடு வந்தது. மாடிப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அது நம்ம வீட்டுக் கறிவேப்பிலைங்க! கடப்பாரையை வச்சுட்டு வாங்க. மாமா, எனக்கும் ஒரு மூங்கில் கன்னு குடுங்களேன்."

வேரோடு பிரித்துக் கொடுத்தேன்.

மூன்றாவது குறிப்பு தவறு. ஒரு வேர் தாண்டியிருக்கிறது, அங்கிருந்து இங்கே. இதற்கு நான் எந்தக் கருவியோடு போய் நிற்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.